ஜப்பானில் குடும்பத்தோடு ரயிலும் பஸ்ஸும்: விமான நிலையம் முதல் கடைசி நாள் வரை

டோக்கியோவில் வசிப்பதால் எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். அக்கா குடும்பம், சித்தப்பா சித்தி, நண்பர்கள் என்று பலரை ரயில் ஏற்றி விட்டிருக்கிறேன். அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ரயிலுக்குள் யாருக்கும் தொல்லை வருவதில்லை. டிக்கெட் கேட், ரயில் மாறும் இடம், வெளியே போகும் வாசல் ஆகிய மூன்றில்தான் குடும்பம் சிதறுகிறது, குழந்தை அழுகிறது, பெரியவர்களுக்குள் வாக்குவாதம் மூள்கிறது. இந்த வழிகாட்டி அந்த மூன்று இடங்களையும் மனத்தில் வைத்து எழுதியது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பின்னால் வரும் பல படிகள் முன்னதைச் செய்திருந்தால்தான் நடக்கும்.

1. ஊரிலேயே முடிக்க வேண்டியது: வயதுக் கணக்கு

முதலில் பிள்ளைகளின் வயதை எழுதிக்கொள்ளுங்கள். 12 வயது முதல் முழுக் கட்டணம். 6 முதல் 11 வரை அரைக் கட்டணம். 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், கட்டணம் செலுத்தும் ஒருவருக்கு இரண்டு பேர் வீதம், சாதாரண ரயிலில் இலவசமாக வரலாம். மூன்றாவது குழந்தைக்கு அரைக் கட்டணம் உண்டு.

டோக்கியோ மெட்ரோவில் ஆறு கிலோமீட்டர் வரையிலான குறைந்தபட்ச டிக்கெட் 180 யென். அப்பா, அம்மா, எட்டு வயது மகள், நான்கு வயது மகன் என்றால் 180, 180, 90, மகனுக்கு எதுவும் இல்லை. மொத்தம் 450 யென். இந்தக் கணக்குத் தெரியாமல் நான்கு முழு டிக்கெட் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இயந்திரம் யாருடைய வயதையும் கேட்காது. கேட்டதைக் கொடுத்துவிடும்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதல் நாள் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டிக்குள் போடாதீர்கள். குழந்தைகளுக்கான பயண அட்டை வாங்க வயதுச் சான்று கேட்பார்கள், அது பாஸ்போர்ட்தான்.

2. மொழி தெரியாத ஊருக்கு ஒரு சீட்டு

தங்கும் விடுதியின் பெயர், முகவரி, அருகிலுள்ள ரயில் நிலையம் மூன்றையும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டு, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். போனில் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. போன் ஒருவரிடம் இருக்கும். அதுவும் மாலை ஆறு மணிக்கு உயிர் விட்டுவிடும். ஆங்கில எழுத்தில் உள்ள முகவரியை வயதான டாக்சி ஓட்டுநர் படிக்கச் சிரமப்படுவார். பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும் சீட்டில் உங்கள் போன் எண்ணும் இருக்கட்டும்.

இணைய வசதி குறைந்தது இரண்டு பெரியவர்களின் போனிலாவது வேண்டும். ஒருவர் வழி பார்க்க, மற்றவர் பிள்ளைகளோடு நிற்க நேரும். இருவரும் பிரிந்துவிட்டால் அழைத்துப் பேசவும் வழி இருக்கும்.

கூகுள் மேப்ஸ் ஜப்பானில் மிக நன்றாக வேலை செய்கிறது. பிளாட்பார எண், கட்டணம், எந்தப் பெட்டியில் ஏறினால் மாறுவது எளிது, எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பது வரை காட்டும். ஆனால் அது சொல்லும் நடை நேரம் தனி ஆள் நடக்கும் நேரம். குழந்தைகளும் முதியவர்களும் உடன் இருந்தால் நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வேன்.

3. பெட்டிகளை உங்களோடு அலைய விடாதீர்கள்

நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பிளாட்பாரத்தின் ஏதோ ஒரு கோடியில் இருக்கும். இரண்டு பெரிய பெட்டி, ஒரு தள்ளுவண்டி, தூங்கும் குழந்தை என்று போனால் ஒவ்வொரு ரயில் மாறுதலும் ஒரு வீடு மாற்றம் போல ஆகிவிடும்.

இதற்கு ஜப்பானில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. தக்யூபின் என்று அழைக்கப்படும் வீட்டுக்கு வீடு பெட்டி அனுப்பும் சேவை அது. கறுப்புப் பூனை சின்னம் கொண்ட யமாட்டோ நிறுவனம் 1976-இல் தொடங்கியது. விமான நிலையத்தில் அதன் கவுண்டர் இருக்கிறது. விடுதி வரவேற்பறையிலும் பெட்டியைக் கொடுத்துவிடலாம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போன்ற ஊர்களுக்கு வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும்.

ஆகவே ஊரில் பெட்டி கட்டும்போதே ஓர் இரவுக்கான உடை, மருந்து, பல் துலக்கும் பொருள்கள், குழந்தைக்கு வேண்டியவை ஆகியவற்றைத் தனியே சிறிய பையில் வையுங்கள். பெட்டி மறுநாள்தான் வரும் என்பதை மறந்து, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு இரவில் மாத்திரை தேடியவர்கள் உண்டு.

4. ஆளுக்கு ஓர் அட்டை

டோக்கியோவின் விமான நிலையங்களான நாரிட்டா அல்லது ஹனேடாவில் இறங்கியதும் செய்யும் முதல் வேலை, முன்பே பணம் ஏற்றி வைத்துக் கேட்டில் தட்டிப் போகும் பயண அட்டை வாங்குவது. டோக்கியோவில் சுய்கா, பாஸ்மோ இரண்டும் கிடைக்கும். ஒசாகா பக்கம் இகோகா. எதை வாங்கினாலும் பெரும்பாலான நகர ரயில், சுரங்க ரயில், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். கடையிலும் பானம் விற்கும் இயந்திரத்திலும்கூடச் செல்லும். எது நல்லது என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வெல்கம் சுய்கா என்ற அட்டை இருக்கிறது. 28 நாள் செல்லும், வைப்புத் தொகை கிடையாது, ஆனால் மீதிப் பணம் திரும்பி வராது. சாதாரண சுய்காவுக்கு 500 யென் வைப்புத் தொகை உண்டு. அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அது கிடைக்கும்.

புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு, ஒரே அட்டையை இருவர் பயன்படுத்துவது. அப்பா தட்டி உள்ளே போய், அட்டையைப் பின்னால் நீட்டி அம்மாவிடம் கொடுப்பார். இரண்டாவது முறை கேட் மூடிக்கொள்ளும். காரணம் எளிது. கட்டணம் நுழையும்போது கழிவதில்லை. நுழைந்த நிலையத்தை அட்டை குறித்துக்கொள்கிறது, வெளியேறும்போது தூரத்தைக் கணக்கிட்டுக் கழிக்கிறது. ஒரு அட்டையில் ஒரு பயணம்தான் திறந்திருக்க முடியும். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும்.

பிள்ளைகளுக்கு அவர்களுக்குரிய அட்டையையே வாங்குங்கள். பெரியவர் அட்டையைக் கொடுத்தால் முழுக் கட்டணம் கழியும். பிள்ளைகளின் அட்டையைத் தட்டும்போது டோக்கியோ கேட்டுகள் குருவிக் குஞ்சு போல 'பியோ பியோ' என்று ஒலிக்கும். என் அக்கா மகன் அந்தச் சத்தத்துக்காகவே எல்லோருக்கும் முன்னால் ஓடுவான்.

பணம் ஏற்றுவது பெரும்பாலான இயந்திரங்களில் ரொக்கமாகத்தான். கையில் யென் இல்லையென்றால் செவன் லெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டையைப் போட்டு எடுக்கலாம். ஆளுக்கு இரண்டாயிரம் யென், பிள்ளைக்கு ஆயிரம் என்று தொடங்குங்கள். குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம், அதிகமாக ஏற்றினால் கடைசி நாளில் செலவழிக்க அலைய வேண்டும்.

5. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு

இங்கே பணத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். இரவு முழுக்க விமானத்தில் வந்த பிள்ளைகளோடு மூன்று ரயில் மாறுவது எந்தச் சேமிப்புக்கும் ஈடாகாது. நாரிட்டாவிலிருந்து ஊயெனோ பக்கம் தங்குபவர்களுக்கு ஸ்கைலைனர், டோக்கியோ நிலையம் அல்லது ஷின்ஜுக்கு பக்கம் தங்குபவர்களுக்கு நாரிட்டா எக்ஸ்பிரஸ். இரண்டிலும் எண் குறித்த இருக்கை, பெட்டி வைக்க இடம் உண்டு. ஹனேடாவிலிருந்து கேய்க்யூ ரயில் ஷினாகாவாவுக்கும் மோனோரயில் ஹமமட்சுச்சோவுக்கும் போகின்றன.

விமானம் இரவு பத்து மணிக்கு மேல் இறங்கினால் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவு தாண்டியதும் நின்றுவிடும். மீண்டும் காலை ஐந்து மணி வாக்கில்தான் தொடங்கும். குடியேற்றச் சோதனை, பெட்டி, அட்டை என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்த இரவுக்கு விமான நிலையத்தின் அருகிலேயே அறை எடுப்பதுதான் குழந்தைகளோடு வருபவர்களுக்கு நல்லது.

6. முதல் நாள் ஓர் ஒத்திகை

இந்தப் படியை எல்லோரும் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். தாண்டாதீர்கள். முதல் நாள் காலை பத்து மணிக்கு மேல், அவசரமில்லாத ஓர் இடத்துக்கு, ரயில் மாறாமல் போய் வாருங்கள்.

நான் எல்லோரையும் யமனோட்டே ரயிலில் ஊயெனோவுக்கு அழைத்துப் போவேன். அது டோக்கியோவைச் சுற்றி வட்டமாக ஓடும் தடம், 30 நிலையங்கள், இளம்பச்சை நிறம். திசை மாறி ஏறினாலும் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்துவிடும். முழு வட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். தவறு செய்தாலும் தொலைந்து போக முடியாத தடம் என்பதால்தான் பழகுவதற்கு அதைச் சொல்கிறேன். ஊயெனோவில் பூங்காவும் விலங்குக் காட்சிசாலையும் இருக்கின்றன, பிள்ளைகள் ஓடியாடலாம்.

அந்தப் பயணத்தில் வழிகாட்டும் பொறுப்பை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். திரும்பும்போது மற்றவர் எடுக்கட்டும். ஒருவருக்கு மட்டும் வழி தெரிந்த குடும்பம், அவருக்குத் தலைவலி வந்தால் அறையிலேயே இருக்க வேண்டியதுதான்.

7. வழியைப் பின்னாலிருந்து படியுங்கள்

எல்லோரும் "எந்த ரயிலில் ஏற வேண்டும்" என்று தொடங்குகிறார்கள். நான் வாசலிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஷின்ஜுக்கு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள் இருக்கின்றன. தவறான வாசலில் வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் போக நீண்ட சுற்று. ஊயெனோவில் விலங்குக் காட்சிசாலைக்குப் 'பார்க்' வாசல். ஹிரோகோஜி வாசலில் இறங்கிவிட்டால் கடைத்தெருவில் நிற்பீர்கள். ஆகவே முதலில் குறிப்பது வாசலின் பெயர் அல்லது எண்.

இரண்டாவது, நிலையத்தின் எண். ஒவ்வொரு நிலையத்துக்கும் தடத்தின் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. கின்சா தடத்தில் ஷிபுயா ஜி 01, ஊயெனோ ஜி 16, அசாகுசா ஜி 19. பெயரை உச்சரிக்கத் தெரியாத பிள்ளைகூட "16-இல் ஏறினோம், 19-இல் இறங்க வேண்டும், எண் ஏறிக்கொண்டே போக வேண்டும்" என்று பார்த்துக்கொள்ளும். எண் இறங்கினால் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

எண்ணைப் பார்ப்பதில் இன்னொரு பயன், ஒரே பெயரில் தனித்தனி நிலையங்கள் இருப்பது. சுக்குபா எக்ஸ்பிரஸ் தடத்துக்கும் அசாகுசா என்றொரு நிலையம் இருக்கிறது, ஆனால் அது கின்சா தடத்தின் அசாகுசாவிலிருந்து தள்ளி இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லி "அங்கே சந்திப்போம்" என்று பிரிந்தால் ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்க நேரும்.

மூன்றாவது, ரயிலின் வகை. ஒரே பிளாட்பாரத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலும் பலவற்றைத் தாண்டிப் போகும் ரயிலும் மாறி மாறி வரலாம். பலகையில் லோக்கல், ரேபிட், எக்ஸ்பிரஸ் என்று வரும். சந்தேகம் வந்தால் லோக்கலில் ஏறுங்கள். ஐந்து நிமிடம் அதிகமாகலாம், ஆனால் உங்கள் நிலையத்தில் நிச்சயம் நிற்கும்.

நான்காவதாகத்தான் ரயில் முகப்பில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர். அது பலரைக் குழப்பும், ஏனென்றால் சுரங்க ரயில்கள் பல, நகர எல்லையில் தனியார் தண்டவாளத்துக்கு மாறிப் புறநகர் வரை போகின்றன. நீங்கள் கேள்விப்படாத ஊரின் பெயர் இருப்பதால் தவறான ரயில் என்று இறங்கிவிட வேண்டாம். எண்ணையும் வகையையும் பாருங்கள்.

8. கேட்டில் யார் முதலில்

வரிசை முக்கியம். ஒரு பெரியவர் முதலில், அடுத்து பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர். பிள்ளைகள் முதலில் போனால் அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. இரண்டு பெரியவர்களும் முன்னால் போய்விட்டால், பின்னால் பிள்ளைக்குக் கேட் மூடும்போது உதவ ஆள் இல்லை.

அட்டையை ஓரிரு அடி தள்ளியே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டின் வாயில் நின்று பை துழாவினால் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் உங்களுக்கே பதற்றம் வந்து தவறு செய்வீர்கள். காகித டிக்கெட் என்றால், கேட் அதை உள்ளிழுத்து மறுமுனையில் வெளியே தள்ளும். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியேற அது வேண்டும்.

தள்ளுவண்டியோடு வருபவர் ஓரத்திலுள்ள அகலமான கேட்டுக்குப் போங்கள். பக்கத்திலேயே ஊழியர் இருப்பார். இலவசமாக வரும் சின்னக் குழந்தையைப் பெரியவர் தமக்கு முன்னால் ஒட்டி நடக்க விட்டு ஒன்றாகவே கடக்க வேண்டும்.

கழிப்பறை பெரும்பாலும் கேட்டுக்கு உள்ளே இருக்கும். வெளியேறுவதற்கு முன்பே பிள்ளைகளைக் கேட்டுவிடுங்கள்.

9. பிளாட்பாரத்திலும் ரயிலுக்குள்ளும்

வார நாள்களில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை குழந்தைகளோடு ஏற வேண்டாம். தள்ளுவண்டிக்கு இடமே இருக்காது. விடுதியில் நிதானமாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புங்கள்.

தரையில் இளஞ்சிவப்புக் குறி இருந்தால் அங்கே நிற்பது பெண்களுக்கான பெட்டி, பெரும்பாலும் வார நாள் காலை நேரத்துக்கு. அம்மாவும் தொடக்கப் பள்ளி வயதுப் பையனும் அதில் ஏறலாம், அப்பா ஏறக் கூடாது. அப்பா அடுத்த பெட்டிக்கு ஓடுவதற்குள் கதவு மூடிவிடும். எனவே குடும்பமாகப் போகும்போது அந்தக் குறியைப் பார்த்தாலே நகர்ந்துவிடுங்கள்.

தள்ளுவண்டியை மடிக்காமல் ரயிலில் கொண்டுபோகலாம். சக்கரத்தின் தடையைப் போட்டுவிடுங்கள். போனில் பேசுவதை இங்கே யாரும் செய்வதில்லை, நாமும் தவிர்ப்போம். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்காது. எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள்.

இனி, இந்த முழு வழிகாட்டியிலும் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி. அக்கா குடும்பம் வந்த முதல் ஆண்டில், ஒரு பெரிய நிலையத்தில் ஒன்பது வயது மருமகன் மட்டும் ரயிலில் ஏறிவிட்டான், கதவு மூடிவிட்டது. நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றோம். அவன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவன் அடுத்த நிலையத்தில் இறங்கி, எங்களைத் தேடி எதிர் ரயிலில் ஏறித் திரும்பினான். நாங்கள் அவனைத் தேடி அடுத்த ரயிலில் போனோம். நடுவில் இரண்டு ரயில்களும் ஒன்றையொன்று கடந்தன. நிலைய ஊழியர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து அவனைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே விதியைச் சொல்லி, திரும்பச் சொல்ல வைக்கிறேன். ரயிலுக்குள் மாட்டிக்கொண்டவர் அடுத்து நிற்கும் நிலையத்தில் இறங்கி, இறங்கிய அதே இடத்தில் நிற்க வேண்டும். வேறு எங்கும் நகரக் கூடாது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களில் ஒருவர் அடுத்த ரயிலில் வருவார், இன்னொருவர் அங்கேயே நிற்பார். நகர்கிறவர் ஒருவர்தான் என்பதால் கடந்து போகும் வாய்ப்பே இல்லை.

ஓர் எச்சரிக்கை: தேடிப் போகிறவர் அதே வகை ரயிலில் போக வேண்டும். ஷின்ஜுக்குவிலிருந்து கிழக்கே போகும்போது ஆரஞ்சு நிற சூவோ ரேபிட்டுக்கு அடுத்த நிறுத்தம் யோட்சுயா. மஞ்சள் நிற லோக்கலுக்கு யோயோகி. வேறு வகையில் ஏறினால் பிள்ளை நிற்கும் நிலையத்தில் நிற்கவே நிற்காது போகலாம். பிள்ளை மிகச் சின்னதென்றால் உடனே ஊழியரிடம் ஓடுங்கள். ரயில் போன நேரத்தையும் திசையையும் சொன்னால் அவர் அடுத்த நிலையத்துக்குச் சொல்லிவிடுவார்.

10. ரயில் மாறும்போது

டோக்கியோவில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே குழுமம்), டோக்கியோ மெட்ரோ, தொயே சுரங்க ரயில், தனியார் ரயில்கள் எல்லாம் தனித்தனி அமைப்புகள். மெட்ரோவுக்கு ஒன்பது தடங்கள், தொயேவுக்கு நான்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கேட்டைக் கடந்து வெளியே வந்து மறுபடி நுழைய நேரலாம். அது தவறு இல்லை. கட்டணமும் பொதுவாகத் தனித்தனியே கூடும். இதனால்தான் மாறாமல் போகும் வழி சில நேரம் மலிவாகவும் இருக்கும்.

ஒரே நிலையம் என்பதால் மாறுவது எளிது என்று எண்ண வேண்டாம். டிஸ்னிலேண்டுக்குப் போகும் குடும்பங்கள் டோக்கியோ நிலையத்தில் கேயோ தடத்துக்கு மாறி மைஹாமாவில் இறங்க வேண்டும். அந்தப் பிளாட்பாரம் மற்றவற்றிலிருந்து வெகுதூரம், தரைக்கடியில். பிள்ளைகளோடு கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

11. பஸ்: ஏறும் வாசலைப் பாருங்கள்

பஸ்ஸில் ஊருக்கு ஒரு முறை. டோக்கியோவின் தொயே பஸ்ஸில் நகருக்குள் முன்வாசலில் ஏறி, ஏறும்போதே ஒரே கட்டணம் செலுத்தி, பின்வாசலில் இறங்குவார்கள். கியோட்டோ நகர பஸ்ஸில் நேர் எதிர்: பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநர் அருகே செலுத்த வேண்டும்.

மலைப்பக்கமும் கிராமப்பக்கமும் ஓடும் பஸ்களில் தூரத்துக்கேற்பக் கட்டணம். ஏறும்போது வாசலருகே ஓர் இயந்திரம் எண் போட்ட சிறு சீட்டை நீட்டும். குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் பணத்தையும் பெட்டியில் போட வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் பஸ் புறப்பட்ட இடத்திலிருந்தே கட்டணம் கேட்கலாம். அட்டை வைத்திருப்பவர் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

சில்லறையை முன்பே சேர்த்து வையுங்கள். ஓட்டுநரின் பக்கத்திலுள்ள பெட்டி பொதுவாக ஆயிரம் யென் நோட்டை மட்டும்தான் மாற்றித் தரும். பத்தாயிரம் யென் நோட்டோடு ஏறிவிட்டால் பஸ்ஸே உங்களுக்காகக் காத்திருக்கும்.

ரயிலில் ஆளுக்கு ஓர் அட்டை என்றேன். பஸ்ஸில் மட்டும் ஒரே அட்டையில் குடும்பத்துக்கே செலுத்தலாம், தட்டுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால். "ஒதோனா ஃபுத்தாரி, கொதோமோ ஹிதோரி" என்றால் பெரியவர் இருவர், சிறுவர் ஒருவர். அவர் கணக்கை அழுத்திய பிறகு தட்டுங்கள். முதலில் தட்டிவிட்டுச் சொன்னால் அவருக்குத் திரும்பச் சரிசெய்யும் வேலை.

நம் ஊரில் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவோம். இங்கே பஸ் நின்ற பிறகுதான் எழச் சொல்வார்கள். மணியை அழுத்திவிட்டு உட்கார்ந்திருங்கள், நீங்கள் இறங்கும் வரை ஓட்டுநர் காத்திருப்பார்.

பெரிய பெட்டியோடு கியோட்டோ பஸ்ஸில் ஏற வேண்டாம். அது அந்த ஊர் மக்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகும் வண்டி. ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. பெட்டியை நிலையத்து லாக்கரில் வையுங்கள் அல்லது சுரங்க ரயிலில் போங்கள்.

12. ஷின்கன்சென் அதிவேக ரயிலில் குடும்பம்

முதலில் ஜேஆர் பாஸ் பற்றி. வெளிநாட்டுப் பயணிகள் குறிப்பிட்ட நாள்களுக்கு ஜேஆர் ரயில்களில் போய்வர வாங்கும் மொத்தச் சீட்டு அது. 2023 அக்டோபரில் அதன் விலை வெகுவாக ஏறியது. ஏழு நாள் சாதாரணப் பாஸ் 29,650-லிருந்து 50,000 யென் ஆயிற்று. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசொமி என்ற ஷின்கன்சென் ரயிலில் இருக்கையோடு போக ஏறத்தாழ 14,000 யென்; போய்வர 28,000. அந்த இரண்டு ஊர் மட்டும் பார்ப்பவர்களுக்குப் பாஸ் நஷ்டம். பழைய வழிகாட்டிகளை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

சுய்காவைத் தட்டி டோக்கியோவில் நுழைந்து, சாதாரண ரயில்களில் மாறி மாறி கியோட்டோவில் வெளியேறவும் முடியாது. அட்டை ஒரு வட்டாரத்துக்குள் மட்டுமே கணக்கிடும். நீண்ட தூரத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

காகிதமாக எடுத்தால் ஆளுக்கு இரண்டு டிக்கெட் தருவது வழக்கம், ஒன்று பயணக் கட்டணம், மற்றது விரைவு ரயிலுக்கான கூடுதல். இரண்டையும் சேர்த்துக் கேட்டில் போட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மடியில் இடம் என்றால் இலவசம், தனி இருக்கை வேண்டுமென்றால் அரைக் கட்டணம். இரண்டேகால் மணி நேரப் பயணத்துக்கு மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் நான் இருக்கை எடுக்கவே சொல்வேன்.

பெட்டியை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் கொண்டுவந்தால் 1,000 யென் கட்டணம். நம் ஊரில் குடும்பத்துக்கென்று விற்கும் பெரிய பெட்டிகள் இந்த அளவைத் தொடும் அல்லது தாண்டும். 250-க்கு மேல் அனுமதியே இல்லை.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது 'டி', 'இ' இருக்கைகள் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் ஃபுஜி மலை தெரியும். நடு நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடமே நிற்கும். இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பைகளோடு கதவருகே வந்துவிடுங்கள். பஸ்ஸுக்குச் சொன்னது இங்கே செல்லாது.

13. கேட் மூடிக்கொண்டால்

பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அட்டையில் பணம் குறைவாக இருக்கும். வெளியேறும் கேட்டுக்கு அருகிலேயே கட்டணம் சரிசெய்யும் இயந்திரம் நிற்கும், அதில் அட்டையைப் போட்டுக் குறைந்ததைச் செலுத்தலாம். கட்டணம் தெரியாமல் மிகக் குறைந்த டிக்கெட் எடுத்து ஏறியவரும் இதையே செய்யலாம். அது ஏமாற்று இல்லை, நடைமுறைதான்.

தவறான நிலையத்தில் நுழைந்து, ரயில் ஏறாமலே அதே நிலையத்தில் வெளியேற முயன்றால் கேட் திறக்காமல் போகலாம். போன முறை வெளியேறும்போது சரியாகத் தட்டாதிருந்தாலும் இந்த முறை நுழைய விடாது. இரண்டுக்கும் ஓரத்திலுள்ள ஊழியரிடம் அட்டையை நீட்டி "சுமிமாசென்" (மன்னிக்கவும்) என்று சொன்னால் போதும். அவர் அட்டையைப் படித்துப் பார்த்தே புரிந்துகொள்வார்.

ரயிலில் எதையாவது விட்டுவிட்டால் நிலைய ஊழியரிடம் ரயில் நேரம், திசை, பெட்டி எண் மூன்றையும் சொல்லுங்கள். இங்கே பொருள்கள் பெரும்பாலும் திரும்பி வருகின்றன. சித்தியின் சுருக்குப் பை மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது, உள்ளே இருந்த விபூதிப் பொட்டலம் உட்பட.

14. கடைசி நாள்

சாதாரண சுய்காவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அதை விற்ற ஜேஆர் கிழக்கு நிறுவனத்தின் நிலையத்தில்தான் முடியும். கியோட்டோவிலோ ஒசாகாவிலோ வாங்கமாட்டார்கள். மீதியிலிருந்து 220 யென் கழித்துக்கொண்டு, 500 யென் வைப்புத் தொகையையும் சேர்த்துத் தருவார்கள். ஒசாகா வழியாக ஊர் திரும்புகிறவர்கள் டோக்கியோவை விட்டுக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள். வெல்கம் சுய்கா என்றால் மீதியை நிலையத்துக் கடைகளில் தின்பண்டம் வாங்கிச் செலவழியுங்கள். அட்டையைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும்.

காலை விமானம் என்றால், முதல் ரயில் எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாள் மாலையே பாருங்கள். வார நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் அட்டவணை வேறு. அந்த ரயில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உங்களைச் சேர்க்காது என்றால், முந்தின இரவே விமான நிலையம் போய்விடுங்கள்.